திருவாலங்காட்டு நடராஜ விக்கிரகமும் கலை விமர்சகர்களும்

சென்னை எழும்பூர் அரும்பொருட்காட்சிசாலையில் உள்ள திருவாலங்காட்டு நடராஜ விக்கிரகத்தை நம் குலத்தாரிற் பலர் கண்டு கைகூப்பியிருப்பர். நம் முன்னோரது தொழில்வழி வந்த இத்தகைய திருமேனிகளைப் பற்றி மேல்நாட்டில் நடந்த வாதத்தை அறிந்தோர் சிலரே.

1910ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இலண்டன் மாநகரில் ஒரு சபை கூடிற்று. சென்னைக் கலைப்பள்ளிக்கு முன்னர்த் தலைமை வகித்த ஹாவெல் துரை, இந்தியக் கலையைப் பற்றி உபந்நியாசம் செய்தார். அக்கிராசனம் வகித்த பேர்ட்வுட் என்பார், இந்தியாவில் உயர்ந்த சிற்பக்கலை என்பதே இல்லை யென்று மறுத்து, சாவகத்துப் புத்தர் உருவம் ஒன்றைக் கொழுப்பிட்டு அவித்த மாப்பண்டத்திற்கு ஒப்பிட்டார்! இதனைக் கேட்டு மனம் பொறாத ரோதன்ஸ்டைன் முதலிய கலைஞரும் அறிஞருமாகிய பதின்மூவர், பிப்ரவரி 28ஆம் நாள் டைம்ஸ் பத்திரிகையில் மறுப்பு வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே இந்தியக் கலைக்கென ஒரு சங்கமும் அங்குத் தோன்றிற்று.

நம் பக்கம் நின்று வாதாடியவருள் தலையாயவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947). 1918இல் வெளிவந்த அவரது ‘சிவ நடனம்’ உலகப் புகழ் பெற்றது. ஐந்தொழிலின் உட்பொருளை அவர் விளக்கிய திறம் வியக்கத்தக்கதே. ஆயினும் அக்கட்டுரையின் நாட்டம் முழுவதும் தத்துவத்தின்மேலதே. உலைக்களத்தின் பக்கம் அது திரும்பவில்லை. எமக்கோ, 1908இல் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலே உயர்ந்ததாகத் தோன்றுகிறது. கண்டி நாட்டுக் கம்மியரின் கருவிகள், அவர்க்கு விடப்பட்ட மானிய நிலங்கள், விக்கிரகத்திற்குக் கண் திறக்கும் சடங்கு ஆகியன வெல்லாம் அதில் உள. பிற்காலத்தில் அவர், தொழிலாளி தன் பெயரைப் பொறியாமை கலைக்கு ஒரு பெருமையே யென்றார். பெரியவர் கூற்றாயினும் எம்மனம் இதற்கு ஒருப்படவில்லை. பெயரைத் தானே மறைத்தல் வேறு; பிறர் கேளாதொழிதல் வேறன்றோ?

பிரான்சு தேசத்துச் சிற்பியாகிய ரோதேன், திருவாலங்காட்டு விக்கிரகத்தை நேரிற் கண்டவரல்லர்; புகைப்படங்களே அவருக்குக் கிடைத்தன. அவற்றைப் பார்த்து 1913இல் அவர் எழுதியது, அவர் இறந்து நான்காண்டு கழித்து 1921இல் பாரிஸில் அச்சேறிற்று. இதழின் வளைவு, கையின் நிலை, உடலின்மேல் ஒளியும் நிழலும் படியும் விதம் என்பவற்றிலேயே அவர் கண் செல்கிறது. தாமும் வெண்கலத் தொழிலில் உழன்றவராதலின், வேலையை வேலையாகவே பார்த்தார்.

அவ்வேலை எளிதன்று. தேன்மெழுகிற் குங்கிலியம் கூட்டி உருச் சமைத்து, அதன்மேல் மெல்லிய வண்டல் மண் பூசி உலர்த்தி, பின் பருமண் அப்பிக் கம்பி கட்டிச் சுடுவர். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் பாயும். ஆறியபின் அச்சினை உடைத்தாலன்றி உருவம் வெளிப்படாது. ஆகவே ஓர் அச்சில் ஒரே திருமேனிதான். காற்று அடைபட்டு ஒரு விரல் நிரம்பாது போயினும் பல நாட் பாடு வீண். சுவாமிமலையில் இன்றும் இம்முறை வழங்குகிறது.

இவ்வாறு வார்த்தவர் பெயர் எங்கே? தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களில் செப்புத் திருமேனிகளின் உயரம் முழத்தாலும் விரலாலும் குறிக்கப்பட்டுள்ளது. கைகளின் தொகையும் பீடத்தின் அளவும் அளித்தவர் பெயரும் உள. வார்த்தவர் பெயர் அவ்விடத்தில் இல்லை. ஆயின் கோயில் எடுத்தவர் திறத்தில் அரசன் மறந்தானில்லை. வீரசோழன் குஞ்சரமல்லன் என்பானுக்கு இராஜராஜப் பெருந்தச்சன் என்னும் தன் பெயரையே பட்டமாகத் தந்து, அதனைக் கல்லிலும் ஏற்றுவித்தான். தஞ்சை செல்லும் அன்பர்கள் விமானத்தை அண்ணாந்து நோக்குவதோடமையாது, அப்பெயர் பொறித்த கல்லையும் கேட்டறிந்து கண்டு, உடன்வரும் சிறுவர்க்கும் படித்துக் காட்டுவாராக.