மகேந்திரன் கணக்கில் எழுதப்பட்ட பாறைகள்

சித்தன்னவாசல் அறிவர்கோயிலின் முன்னே இன்று நாம் காணும் தூண்கள் அந்தக் குடைவரைக்கு உரியவை அல்ல. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்த அலெக்சாண்டர் டாட்டன்ஹாமின் முயற்சியால், குடுமியான்மலையில் இடிந்து கிடந்த மண்டபமொன்றிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. ஓவியம் இருக்கும் ஊரின் கூரையை இசைக் கல்வெட்டு இருக்கும் ஊரின் தூண்கள் தாங்குகின்றன. இதை நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் சிரிப்புடன் மற்றொன்றையும் சேர்த்துக்கொள்வது நம் வழக்கம். இவ்விரண்டு ஊர்களையும் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்துத் தாங்கி வந்தவன் ஒரே மன்னன். அவன் முதலாம் மகேந்திரவர்மன். இந்த இரண்டு ஊர்களில் எதிலும் தன் பெயரை வெட்டி வைக்காதவன்.

'சித்தன்னவாசல் ஓவியங்களை வரையச் செய்தவர் யார்?' என்னும் வினாவுக்கு மகேந்திரவர்மன் என்று எழுதி மதிப்பெண் பெற்றவர்கள் நம்முள் பலர் உண்டு. குடுமியான்மலைக்கும் அதே விடைதான். இந்த விடை எங்கிருந்து வந்தது, எப்படித் தளர்ந்தது என்பதைக் கடந்த நூறாண்டு ஆய்வுகளின் வழியே பார்க்கலாம்.

எஸ். இராதாகிருஷ்ண ஐயர் புதுக்கோட்டை வரலாற்று நூலை வெளியிட்டது 1916இல். சித்தன்னவாசலை எழுத்தில் கொண்டுவந்த முன்னோடி அவரே. அடுத்த சில ஆண்டுகளில் து. அ. கோபிநாத ராவும், புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயும் இவ்வோவியங்களின்பால் கவனம் செலுத்தினர். துப்ரே அப்போது பல்லவக் குடைவரைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். மாமண்டூர்க் குடைவரையின் அமைப்பைச் சித்தன்னவாசலில் கண்டார். ஆகவே மகேந்திரன் என்றார். அன்றைய நிலையில் அது அறிவார்ந்த ஊகம்தான். தென்னகத்தில் குடைவரை என்றால் முதலில் நினைவுக்கு வரக்கூடியவன் அவன். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை ஏதுமின்றிக் கோயில் எடுத்ததாகச் சொல்லிக்கொண்ட விசித்திரசித்தன் அல்லவா?

அந்த ஊகத்துக்கு வலுவூட்டியவை மகேந்திரனின் பட்டப்பெயர்களும் அவனைப் பற்றிய கதையும். அவனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்று ஒரு பெயர் உண்டு; ஆகவே ஓவியம் அவனுடையது. 'சங்கீர்ணஜாதி' என்று ஒரு பெயர் உண்டு; ஆகவே இசையும் அவனுடையது. அப்பர் வரலாற்றின்படி அவன் முதலில் சமணன், பின்னர் சைவன். சித்தன்னவாசல் சமணக் கோயில். குடுமியான்மலைக் கல்வெட்டைச் செய்வித்த மன்னனோ பரம மாகேசுவரன். ஒருவனது வாழ்வின் முற்பகுதி ஒரு குன்றிலும் பிற்பகுதி அடுத்த குன்றிலும் வந்து அமர்ந்துவிட்டன. இவ்வளவு அழகாகப் பொருந்தும் வரலாற்றைக் கண்டால் சற்று ஐயம் கொள்ளவேண்டும் என்று இப்போது சொல்கிறோம். அப்போது நாமும் மயங்கியவர்களே. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' தொடராக வரத் தொடங்கியது 1944இல். ஓவியத்திலும் நடனத்திலும் தோய்ந்த மகேந்திரனை அதில் சந்தித்த பிறகு சித்தன்னவாசல் தாமரைக்குளத்தை வேறொருவருக்குக் கொடுக்க எந்த வாசகருக்கு மனம் வரும்?

அதே 1944ஆம் ஆண்டில்தான் கே. ஆர். சீனிவாசன் இந்திய வரலாற்றுப் பேரவையில் சித்தன்னவாசல் ஓவியங்களின் காலம் குறித்து ஒரு சிறு குறிப்பை அளித்தார். புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தவர் அவர். இந்தப் பாறைகளை நாளும் பார்த்தவர். தொடரைப் படித்தவர்கள் எத்தனை ஆயிரமோ, குறிப்பைப் படித்தவர்கள் சில பத்துப்பேர் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சில பக்கங்கள் ஒரு பேரரசனின் கணக்கை மறுபடி பார்க்கவைத்தன. பிற்கால ஓவியத்தின் அடியில் பழைய பூச்சு ஒன்று இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆக, இங்கே ஒரே காலத்து ஓவியம் என்ற எண்ணமே நிற்கவில்லை.

இதற்கு முன்பே, 1930களில், வேதியியலும் இங்கு வந்து சேர்ந்திருந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பட்ட வேதியியல் ஆய்வகத்தின் எஸ். பரமசிவன் தென்னகத்துச் சுவரோவியங்கள் பலவற்றின் பூச்சையும் வண்ணத்தையும் சோதித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழ ஓவியங்கள் ஈரச் சுண்ணத்தின் மேல் தீட்டப்பட்டவை என்று காட்டியவர் அவரே. சித்தன்னவாசலில் முறை வேறு. அங்கே பூச்சு காய்ந்த பின் தீட்டியிருக்கிறார்கள். காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ணம், பச்சை மண் போன்ற எளிய பொருள்களே வண்ணங்கள். வேதியியல் மன்னன் பெயரைச் சொல்லாது. ஆனால் நோக்கை மன்னனிடமிருந்து சுவருக்குத் திருப்பியது. யார் வரையச் சொன்னார் என்ற கேள்விக்குப் பக்கத்தில், வரைந்தவர் எப்படி வரைந்தார் என்ற கேள்வியும் வந்து நின்றது.

முடிவைச் சொன்னது குடைவரையின் வெளியே பாறையில் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டு. செய்யுள் நடையில் அமைந்தது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அறிவர்கோயிலின் அகமண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபம் எடுத்த செய்தியை அது தெரிவிக்கிறது. ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனின் ஆட்சி கி.பி. 815 முதல் 862 வரை. மகேந்திரன் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. தாமரைக்குளமும், பூக்கொய்யும் அடியவர்களும், தூண்களில் ஆடும் மகளிரும் இந்தத் திருப்பணியை ஒட்டியவை என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. தூணிலுள்ள மகுடம் சூடிய உருவத்தை முன்பு மகேந்திரன் என்றார்கள். பிறகு பாண்டியன் என்றார்கள். உருவம் அப்படியேதான் இருக்கிறது, பாவம்.

இளங்கௌதமனைப் பற்றி அந்தக் கல்வெட்டுக்கு அப்பால் நமக்கு எதுவும் இல்லை. தமிழகத்தின் மிகச் சிறந்த சுவரோவியங்களுள் ஒன்றோடு தொடர்புடைய ஒரே பெயர் அது. அது ஒரு ஆசிரியரின் பெயர். நம் பாடநூல்களில் அவருக்கு அரை வரி இடம் கிடைத்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

குடுமியான்மலை இதைவிடச் சிக்கலானது. திருநலக்குன்றம் என்று கல்வெட்டுகள் குறிக்கும் அந்த ஊரில் மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறைப் பரப்பில், வலம்புரி விநாயகரின் அருகே, பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்துள்ளது இசைக் கல்வெட்டு. கல்வெட்டுத்துறையினர் 1904இல் அதைப் படியெடுத்தனர். பி. ஆர். பண்டார்கர் 'எபிகிராபியா இண்டிகா'வின் பன்னிரண்டாம் தொகுதியில் அதைப் பதிப்பித்தார். மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு பகுதிகள். நான்கு நான்கு சுரங்களாகத் தொகுக்கப்பட்டு, எந்தச் சுரத்தில் முடிகின்றன என்பதற்கேற்ப அவை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு சுர எழுத்தும் அகரம், இகரம், உகரம், எகரம் என நான்கு உயிர்களில் மாறி வரும். ர, ரி, ரு, ரெ என்பதுபோல. சில எழுத்துகளின் மேல் புள்ளியும் உண்டு. உருத்திராசாரியரின் மாணவனான, பரம மாகேசுவரனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இவற்றைச் செய்தான் என்று வடமொழி முடிவுரை கூறுகிறது. இறுதியில் தமிழில் ஒரு சிறு வரி, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

அரசனின் பெயர் இல்லை என்பதை மறுபடியும் சொல்லவேண்டும். ஆசிரியரின் பெயர் இருக்கிறது. அரசன் தன் பெயரை விட்டுவிட்டுத் தன் குருவின் பெயரை எழுதியிருக்கிறான்.

பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றி 1938இல் வெளியான தம் நூலில் சி. மீனாட்சி இக்கல்வெட்டை விரிவாக ஆராய்ந்தார். மகேந்திரனோடு அதை இணைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர். 1940இல், முப்பதுகளிலேயே மறைந்துவிட்டார். அவருடைய முடிவை ஏற்காதவர்களும் அவருடைய உழைப்பை வணங்கவேண்டும். திருமயத்திலும் மலையடிப்பட்டியிலும் இதே வகையான இசைக் கல்வெட்டுகளின் சிதைந்த எச்சங்கள் உண்டு. 'பரிவாதினி' என்னும் சொல் அங்கும் வருகிறது. ஏழு நரம்புடைய வீணைக்கு அதுவே பெயர். அந்த எச்சங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் குடுமியான்மலை தனித்த அற்புதமாக நிற்காமல், இந்த வட்டாரத்தில் ஓர் இசைப் பயிற்சி மரபே இருந்திருக்கிறது என்பது புலப்படும்.

மறுப்பு எங்கே எழுகிறது? மகேந்திரன் தன் பட்டப்பெயர்களை எழுதிவைப்பதில் கூச்சமற்றவன். பல்லாவரத்தில் அவற்றை அடுக்கி வெட்டியிருக்கிறான். திருச்சிராப்பள்ளி மலையிலும் எழுதியிருக்கிறான். திருச்சிக்குத் தெற்கே அவன் கல்வெட்டு ஒன்றும் இல்லை. சீனிவாசன் 1964இல் பல்லவக் குடைவரைகள் பற்றித் தாம் எழுதிய பெருநூலில் புதுக்கோட்டைக் குடைவரைகளை மகேந்திரனின் பட்டியலில் சேர்க்கவில்லை. மலையடிப்பட்டிச் சிவன் குடைவரையை எடுத்தவன் குவாவன் சாத்தன் என்னும் முத்தரையன் என்று தந்திவர்மனின் பதினாறாம் ஆண்டுக் கல்வெட்டே சொல்கிறது. ஆக, பல்லவருக்கும் பாண்டியருக்கும் நடுவில் இருந்த முத்தரையரும் பிற சிறு தலைவர்களும் தாமே குடைந்த கோயில்கள் இங்கு உண்டு. குடுமியான்மலைக் கல்வெட்டின் எழுத்தமைதியை ஏழாம் நூற்றாண்டு என்பாரும் உளர். அதற்குப் பிந்தையது என்பாரும் உளர். மகேந்திரனை இன்னும் விட மனமில்லாதவர்களும் உளர். வழக்கு முடிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. சான்று கேட்டால் பெயர் நிற்கவில்லை, அவ்வளவே.

மன்னன் யார் என்ற வழக்கை ஒதுக்கிவைத்தபோதுதான் கல்வெட்டின் உள்ளே நுழைய முடிந்தது என்பது எம் கருத்து. ஆங்கிலேய இசையாய்வாளர் ரிச்சர்ட் விடெஸ் 1979இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். பழங்கால இந்திய இராகங்களைப் பற்றி 1995இல் வெளியிட்ட நூலிலும் இதை எடுத்துக்கொண்டார். அவர் இதை ஓர் இசைக்குறிப்பாகவே அணுகினார். ஏழு பகுதிகளின் பெயர்களும் நாரதீய சிட்சை கூறும் ஏழு கிராம ராகங்களோடு ஒத்துப்போகின்றன. பிருகத்தேசி, சங்கீத ரத்னாகரம் முதலிய நூல்களில் இலக்கணமாக மட்டும் எஞ்சியவை இங்கே சுரங்களாக எழுதப்பட்டுள்ளன. இந்தியாவில் இவ்வளவு நீளமாகக் கல்லில் எழுதப்பட்ட பழைய இசைக்குறிப்பு வேறில்லை. ஆயினும் அந்த நான்கு உயிர்கள் சுருதி வேறுபாட்டைக் குறிக்கின்றனவா, நரம்பை மீட்டும் முறையைக் குறிக்கின்றனவா என்பதில் இன்றுவரை கருத்தொற்றுமை இல்லை. அந்தப் பாறையின் முன் நின்று சிலர் பாடிக்காட்டுவதுண்டு. இனிமைக்குக் குறைவில்லை, ஆனால் அது இன்றைய ராகம்.

இங்கே ஒரு நன்றிக்கடனையும் ஒரு குறையையும் சேர்த்தே சொல்லவேண்டும். புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலங்களை 1929இல் ஒரே தொகுதியாக அச்சிட்டது. பின்னாளில் கே. ஆர். வேங்கடராம ஐயர் சமஸ்தானத்தின் விரிவான வரலாற்றுக் கையேட்டை ஆக்கினார். இத்தனை சிறிய அரசு செய்த இந்தப் பணி இல்லாமல் பிற்கால ஆய்வுகள் பல பிறந்திரா. ஆனால் அந்தத் தொகுதி அரச மரபுகளின்படி வரிசைப்படுத்தப்பட்டது. சோழர், பாண்டியர் என்று பெட்டிகள். கல்லில் பேசுபவர் ஊராராகவோ வணிகராகவோ தேவரடியாராகவோ இருந்தாலும், அவர் நுழைவது ஒரு மன்னனின் பெட்டிக்குள்தான். குடுமியான்மலையில் அம்மனுக்குச் சன்னதி எடுத்தவள் உமையாழ்வி நாச்சி என்னும் தேவரடியார். அவளைத் தேடுபவரும் பாண்டியர் பகுதியைத்தான் புரட்டவேண்டும்.

அமெரிக்க மானிடவியலாளர் நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் தொண்டைமான்களின் புதுக்கோட்டையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காலம் வேறு, பொருள் வேறு. இனாம் நிலங்கள், மரியாதைகள், கள்ளர் நாட்டமைப்பு ஆகியவற்றின் வழியே, ஒரு சிறிய அரசை அதன் உள்ளிருந்தே பார்க்கலாம் என்று காட்டியது அந்நூல். அவருடைய முடிவுகள் சிலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. எனினும், சிறிய அரசைப் பெரிய அரசின் நிழலாக எண்ணாத அந்தப் பார்வை ஏழு, எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுப் புதுக்கோட்டைக்கும் வேண்டும்.

இப்போது ஊர்க்காரர்களின் பேச்செல்லாம் பொற்பனைக்கோட்டை. நகரத்தின் கிழக்கே, மண்மேடாகிப்போன மதிலும் அகழியும் கொண்ட பழங்கோட்டை அது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2021இல் அங்கே அகழாய்வு செய்தது. மாநிலத் தொல்லியல் துறை 2023இல் தன் பணியைத் தொடங்கியது. செங்கற் கட்டுமானமும், மணிகளும், சிறியதொரு பொன் அணியும் வெளிவந்தன. தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல் ஒன்றும் அவ்வூரில் முன்பே கிடைத்திருக்கிறது. செய்தி வந்த அன்றே நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அது எந்த மன்னன் கோட்டை என்று கேட்டார். நடுகல் போரில் பட்ட ஒரு வீரனுக்கு எடுத்தது என்று சொன்னோம். அது சரி, மன்னன் யார் என்றார்.