குத்தியவர்களும் கணக்கு வைத்திருந்தவரும்

குத்துச்சண்டை எங்கள் ராயகிரிப் பக்கத்து விளையாட்டன்று. இங்கே சிலம்பமும் கபடியும் உண்டு. கையுறை மாட்டிய சண்டை வடசென்னையின் சொத்து. 2021இல் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகுதான் தெற்கத்திக்காரர்களான நாங்கள் அதைச் சற்று நின்று கவனித்தோம். கவனித்தபோது எங்களை ஈர்த்தவர் வீரரல்லர், போட்டியை ஏற்பாடு செய்பவர். கொடைக்கு நாடகம் பேசி முடிக்கும் ஏஜண்டை அறிந்தவர்களுக்கு இந்த வேலை உடனே விளங்கும். ஊரிடம் வாங்கியது எவ்வளவு, நடிகருக்குக் கொடுத்தது எவ்வளவு என்ற இரண்டு கணக்கும் அவர் ஒருவருக்கே தெரியும்.

இத்தொழிலில் உலகப் புகழும் உலக வசையும் ஒருசேரப் பெற்றவர் அமெரிக்கரான டான் கிங். 1931இல் கிளீவ்லாண்டில் பிறந்தவர். நம்மூர் மட்காவை ஒத்த எண் சூதாட்டம் நடத்தினார். 1966இல் தமக்குப் பணம் தரவேண்டிய ஒருவரைத் தெருவில் அடித்துக் கொன்ற வழக்கில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1971இல் வெளியே வந்தவர், 1974இல் கின்ஷாசாவில் அலி - ஃபோர்மன் போட்டியை அமைத்தார். இருவருக்கும் தலைக்கு 50 லட்சம் டாலர். பணத்துக்குப் பின்னே நின்றது ஜயர் நாட்டு அதிபர் மொபுட்டுவின் அரசு. 1983இல் ஒஹாயோ ஆளுநர் அவருக்கு மன்னிப்பும் வழங்கிவிட்டார்.

அதன் பிறகு வந்த குற்ற வழக்குகள் விந்தையானவை. வருமான வரி வழக்கில் 1985இல் விடுதலை. உடன் குற்றம் சாட்டப்பட்ட அவருடைய பெண் உதவியாளர் மட்டும் தண்டனை பெற்றார். நடக்காமல் போன ஒரு போட்டிக்கு லாயிட்ஸ் காப்பீட்டாளர்களிடம் பொய்க்கணக்குக் காட்டி மூன்றரை லட்சம் டாலர் கோரினார் என்பது அடுத்த வழக்கு. 1995இல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1998இல் மறுபடியும் விடுதலை. அரசின் பணம், காப்பீட்டாரின் பணம் என்றால் குற்றவியல் நீதிமன்றம். வீரனின் பணம் என்றால் அவனே வக்கீல் வைத்து உரிமையியல் வழக்குப் போட வேண்டியதுதான்.

அலியே அப்படிப் போட்டார். 1980 தொடக்கத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிச் சென்ற அதே அலி, அவ்வாண்டு அக்டோபரில் லாஸ் வேகஸில் லாரி ஹோம்ஸிடம் பார்க்கச் சகியாதபடி அடிவாங்கினார். பேசிய தொகை 80 லட்சம் டாலர். கைக்கு வந்ததில் ஏறத்தாழ 12 லட்சம் குறைந்தது. 1982இல் வழக்கு. வழக்கறிஞருக்கு வெற்றி உறுதி என்ற நம்பிக்கை இருந்தது. கிங்கோ அலி மதித்த ஒரு நண்பரிடம் 50,000 டாலரை ரொக்கமாகக் கொடுத்தனுப்பினார். அதை வாங்கிக்கொண்டு, வழக்கைக் கைவிடுவதாக அலி கையெழுத்திட்டுக் கொடுத்தார். அப்போதே அவர் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. 1984இல் நோயின் பெயரும் தெரிந்தது. ஏமாந்தார் என்பதா, களைத்தார் என்பதா? எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்தில்லை.

மைக் டைசன் அவ்வளவு எளிதில் விடவில்லை. 1998இல் 10 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அது முடிவதற்குள் 2003இல் அவரே திவாலானார். 2004இல் ஒரு கோடியே 40 லட்சத்துக்கு வழக்கு சமரசமாயிற்று. பணத்துக்கு முதலில் கடன்காரர்கள் காத்திருந்தார்கள்.