சிவகாசி கண்ட இரும்புக்கை மாயாவி

சிவகாசி என்றவுடன் தீப்பெட்டியும் பட்டாசும் நாட்காட்டியுமே எவர்க்கும் நினைவுக்கு வரும். அவ்வூர் தமிழ்ச் சிறுவர்க்கு ஈந்த வேறொரு செல்வமும் உண்டு. அதுவே படக்கதை. ஆண்டு விழா மலரில் சங்ககால வாணிகத்தையோ சோழர் கடற்படையையோ எழுதாது, சிறுபிள்ளைகளின் படக்கதையை வரலாறு என்று எழுதப் புகுந்தது ஏன் எனப் பெரியோர் வினவலாம். நம்மைத் தமிழ் படிக்க வைத்தது அதுவே என்பதே நமது விடை.

நாம் பிறந்து வளர்ந்தது நாக்பூர் ரயில்வே குடியிருப்பில். தகப்பனார் சரக்குக் கொட்டகையில் எழுத்தர். பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் கற்பித்தனர். தமிழுக்கு அங்கே இடமில்லை. அன்னையார் மாலை வேளைகளில் சிலேட்டில் எழுதிக் காட்டிய உயிரும் மெய்யும் நம் கண்ணில் பட்டனவேயன்றி மனத்தில் ஒட்டவில்லை. ஒன்பது வயதிருக்கும்போது, விருதுநகரில் இருந்த தாய்மாமன், ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்த அன்பர் ஒருவரிடம் ஒரு கட்டுப் பழைய இதழ்களைக் கொடுத்தனுப்பினார். மேலட்டை கிழிந்த ஓர் இதழில், வெற்று வெளியில் ஓர் இரும்புக்கை மட்டும் மிதந்து சென்று கதவின் தாழைத் திறந்துகொண்டிருந்தது. அந்தக் கை யாருடையது என்று அறியும் ஆவலினால், எழுத்துக் கூட்டி, ஒரு பக்கத்திற்கு அரைமணி நேரமாகப் படித்து முடித்தோம். நாம் தமிழில் தாமாகப் படித்த முதல் நூல் அதுவே.

அந்தக் கையின் வரலாறு இலண்டன் மாநகரில் தொடங்குகிறது. 1962-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் பிளீட்வே பதிப்பகத்தார் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழைத் தொடங்கினர். அதில் 'தி ஸ்டீல் கிளா' என்னும் தொடர் வெளிவந்தது. லூயிஸ் கிராண்டேல் என்பான் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தொன்றில் உயர் அழுத்த மின்சாரம் அவன் மேல் பாய்கிறது. உடல் மறைந்துபோக, எஃகுக் கை மட்டும் புலனாகிறது. முதலில் அவன் நல்லவனாக இருக்கவில்லை. மறைந்து நின்று கொள்ளையிட்டான். நியூயார்க் நகரையே அழிப்பதாக அச்சுறுத்தினான். பிற்பாடே திருந்தி, நாட்டுக்குத் துணை நிற்கும் உளவாளி ஆயினான். மின்சாரம் என்னும் விஞ்ஞானமும், தனியே திரியும் கை என்னும் திகிலும் ஒரே கதையில் கூடியமையே அதன் தனிச்சிறப்பு எனலாம்.

அக்காலத்தில் திகில் கதைக்கு மேலைநாடுகளில் பெரும் எதிர்ப்பு இருந்தது. அமெரிக்காவில் 1950 முதல் வெளிவந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' முதலிய இதழ்களைக் கண்டு பெற்றோர் கொதித்தெழுந்தனர். 1954-இல் செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது; அவ்வாண்டே பதிப்பகத்தார் தமக்குத் தாமே ஒரு தணிக்கை நெறியை வகுத்துக்கொண்டனர். அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், இரும்புப் பல் கொண்ட இரத்தக் காட்டேரியைப் பிடிக்கப் போகிறோம் என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இடுகாட்டில் திரண்டனர். பழி படக்கதையின் மேல் விழுந்தது. 1955-இல் இங்கிலாந்தில் தடைச்சட்டம் வந்தது. மறு ஆண்டே, 1956-இல், நமது நாடாளுமன்றமும் இளையோர்க்குத் தீங்கு தரும் வெளியீடுகள் பற்றிய சட்டத்தை இயற்றியது. கொடுமையும் அருவருப்பும் நிறைந்த படக்கதை நூல்கள் அதன் வரம்புக்குள் வந்தன. எனவே, 1960-களில் சிறுவர்க்கென எழுந்த திகில் இரத்தம் சிந்தாத திகில். உடலைக் காட்டாது கையை மட்டும் காட்டும் திகில்.

இனி, அந்நியச் சித்திரங்கள் இந்நாட்டுக்கு வந்த வழியைக் காண்போம். உரிமம் என்பது, ஒரு நாட்டுப் பதிப்பகத்தார் தம் கதையை மற்றொரு நாட்டில், இன்ன மொழியில் அச்சிட்டுக்கொள்ளக் கட்டணம் பெற்று அளிக்கும் இசைவு. இவ்வழியில் 1964-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பம்பாயிலிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் 'இந்திரஜால் காமிக்ஸ்' வெளியிட்டனர். லீ ஃபாக் படைத்த ஃபாண்டமும் மாண்ட்ரேக்கும், அலெக்ஸ் ரேமண்ட் 1934-இல் தொடங்கிய விண்வெளி வீரன் ஃபிளாஷ் கார்டனும் அதில் உலா வந்தனர். 1990 வரை அவ்விதழ் நடைபெற்றது. நாக்பூர் நிலையப் புத்தகக் கடையில் அவற்றை நின்றபடியே படித்து முடித்த நாட்கள் பல.

தமிழுக்கு அப்பெருமையைத் தேடித் தந்தவர் சிவகாசியின் திரு. மு. சௌந்திரபாண்டியன். 1972-இல் அவர் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே 'இரும்புக்கை மாயாவி'. ஆசிரியப் பொறுப்பில் திரு. முல்லை தங்கராசன் அமர்ந்தார். அப்பெயரில் உள்ள தமிழ் நயத்தை நோக்குக. ஆங்கிலப் பெயர் எஃகாலான கொடுங்கை என்னும் பொருளையே குறிக்கும், ஆளைக் குறிக்காது. தமிழில் பெயரிட்டோர் 'மாயாவி' என்னும் சொல்லைச் சேர்த்தனர். வாலி துரத்திச் சென்று குகைக்குள் பொருத அசுரன் மாயாவியை அறிந்த மக்களுக்கு, மறைந்து திரியும் லூயிஸ் கிராண்டேல் ஒரே நொடியில் உறவினன் ஆகிவிட்டான். ஃபாண்டமும் இவ்வாறே விக்கிரமாதித்தன் கதையின் சாயலில் வேதாளன் ஆனான். உரிமம் பெற்று வந்தது சித்திரம். உயிர் ஊட்டியது தமிழ் என்றால் மிகையாகாது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1984-இல், சௌந்திரபாண்டியனாரின் புதல்வர் திரு. எஸ். விஜயன் இளம் வயதிலேயே 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதே ஆண்டில் 'ராணி காமிக்ஸ்' இதழும் தோன்றியது. பேய்க்கதைப் பிரியர்க்கெனத் 'திகில்' என்றே பெயர் சூட்டிய இதழும் அப்பத்தாண்டில் சிவகாசியிலிருந்து வந்தது. லயனில் கால எந்திரத்தில் ஏறி யுகம் விட்டு யுகம் தாவும் எந்திர மனிதன் ஆர்ச்சி வந்தான். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக முயன்று, பின் குற்றவாளிகளையே வேட்டையாடிய ஸ்பைடர் வந்தான். சதுரங்கக் காய் வடிவிலான ஆர்ச்சியின் கால எந்திரக் கோட்டையை வரையாத நோட்டுப் புத்தகம் அந்நாளில் நம்மிடம் இருந்ததில்லை.

இத்துணை மகிழ்ச்சி தந்தவர் யாவர்? இங்கேதான் நமது நெஞ்சில் ஒரு குறை உறுத்துகிறது. இலண்டன் வார இதழ்களில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அச்சிடுவது அந்நாள் வழக்கமன்று. கூலி கொடுத்ததோடு எல்லா உரிமையும் பதிப்பகத்தாருக்கே. கதை பிறநாடு சென்றாலும், உரிமக் கட்டணம் பதிப்பகத்தாரைச் சேருமேயன்றி வரைந்த கையைச் சேராது. இரும்புக்கையை வரைந்தவர் பார்சலோனா நகரத்து ஹெசுஸ் பிளாஸ்கோ. எழுதியவர் விஞ்ஞானப் புதின ஆசிரியர் கென் பல்மர். அவருக்குப் பின் டாம் டல்லி. ஸ்பைடரை வரைந்தவர் ரெஜ் பன். அக்கதையைச் சில காலம் எழுதியவர் யார் தெரியுமா? உலகமே அறிந்த சூப்பர்மேனைத் தம் நண்பர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து படைத்த ஜெர்ரி சீகல்! 1938-இல் அவ்விருவரும் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். 1975-இல் தான் அவர்களுக்கு ஓய்வூதியமும், ஏட்டில் பெயரும் கிடைத்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பெரியவர் பெயரின்றி எழுதிய கதையைத்தான் நாம் தமிழில் படித்துக் களித்தோம். அவர் பெயரை அறிந்தோமில்லை.

பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு இது புதிதன்று. வழிச்சீட்டில் அனுப்புநர் பெயர் உண்டு, பெறுநர் பெயர் உண்டு, எடையும் கட்டணமும் உண்டு. மூட்டையைத் தோளில் சுமந்து ஏற்றி இறக்கியவன் பெயருக்கு அதில் கட்டமில்லை. உரிமப் படக்கதையின் வழிச்சீட்டும் அத்தகையதே. அனுப்புநர் இலண்டன், பெறுநர் சிவகாசி. சுமந்தவரில் தமிழரும் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அளவாக வரைந்த குமிழுக்குள், நீண்ட தமிழ்ச் சொற்களைப் பொருள் குன்றாது அடக்கிய மொழிபெயர்ப்பாளர் பலர். எழுத்தைக் கையால் தீட்டியோரும் பலர். அவர்களுள் எத்தனை பேரை நாம் அறிவோம்?

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையையும் சொல்லிவிடுதல் வேண்டும். 1996-இல் தகப்பனார் ஓய்வுபெற்று, குடியிருப்பைக் காலி செய்த நாளில், அந்தக் கட்டைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டவர் வேறு எவருமல்லர், நாமே. தேர்வு எழுதி வேலைக்குப் போகும் வயதில் படக்கதை எதற்கு என்னும் செருக்கு. தராசில் ஏறியபோது அன்னையார் ஓர் இதழை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாது திரும்ப வைத்தார். சிலேட்டில் தாம் எழுதிய எழுத்து எதனால் உயிர் பெற்றது என்பதை அவர் அறிவார். அக்காட்சி இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

காலம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை என்பது ஆறுதல். இடையே தளர்ந்திருந்த லயனும் முத்துவும் 2012-இல் புத்துயிர் பெற்று எழுந்தன. முத்து 2022-இல் பொன்விழா ஆண்டைக் கண்டது. 2018-இல் பிளீட்வேயின் பழைய கதைகளின் உரிமை ரெபெல்லியன் என்னும் நிறுவனத்தார் கைக்கு மாறியது. இரும்புக்கையும் ஸ்பைடரும் இன்று படைத்தோரின் பெயர் தாங்கிய நூல்களாக வெளிவந்துள்ளன.

அன்பர்களே, நம் சங்கத்து நூலக அலமாரியில் காப்பியங்களுக்குக் கீழே ஒரு தட்டு காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய முத்துவோ லயனோ இருப்பின், எடைக்குப் போடாமல் அங்கே கொண்டு வந்து சேர்க்க வேண்டுகிறோம். முதல் பக்கத்தில் பிளாஸ்கோ, பல்மர், சீகல் என்று வரைந்தவர் எழுதியவர் பெயர்களை நம் கையாலேயே எழுதி வைப்போம். மொழிபெயர்த்தவரை அறிந்தோர் இருப்பின் அப்பெயரையும் சேர்ப்போம். வீட்டில் தமிழ் பேசியும் எழுத்துக் கூட்டத் தயங்கும் நம் பிள்ளைகளுள் ஒருவனேனும், அந்த அலமாரி முன் நின்று, மிதக்கும் கை யாருடையது என்று அறிய எழுத்துக் கூட்டுவான் அன்றோ? அந்தக் கை இன்னும் ஒரு கதவைத் திறக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!