மீளாத ஒழுங்கு

ஒழுங்கு என்றால் திரும்பத் திரும்ப வருவது என்றுதான் நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். 1961ல் ஹாவ் வாங் என்ற தர்க்கவியலாளரும் அப்படித்தான் எண்ணினார். விளிம்புகளில் வர்ணம் கொண்ட சதுர ஓடுகள். ஒரே வர்ண விளிம்புகளே ஒட்டி நிற்கலாம். இவ்வகை ஓடுகளால் முடிவற்ற தளத்தைப் பாவ முடியுமானால், ஒரே கோலம் மீண்டும் மீண்டும் வரும்படியும் பாவ முடியும் என்பது அவர் அனுமானம். 1966ல் அவர் மாணவர் ராபர்ட் பெர்கர் அதைத் தகர்த்தார். தளத்தைப் பாவும், ஆனால் ஒருபோதும் மீளாத ஓட்டுத் தொகுதி ஒன்றைக் காட்டினார். அதில் 20,426 வகைகள். கூடவே இன்னொன்றையும் நிரூபித்தார்: கொடுத்த ஓடுகள் தளத்தைப் பாவுமா என்று எல்லாத் தொகுதிகளுக்கும் விடை சொல்லும் பொது வழிமுறை கிடையாது.

1971ல் ராஃபேல் ராபின்சனுக்கு ஆறு வகைகள் போதுமாயின. எழுபதுகளின் நடுவில் ரோஜர் பென்ரோஸுக்கு இரண்டே போதும். பென்ரோஸின் தளத்தில் ஒரு விசித்திரம். எந்தச் சிறு பகுதியைக் கண் பற்றிக்கொண்டாலும் அது வேறிடங்களில் எண்ணிறந்த முறை வருகிறது. முழுத் தளத்தையும் நகர்த்தி அதன் மேலேயே பொருத்தத்தான் முடியாது. இருவகை ஓடுகளின் எண்ணிக்கை விகிதம் பின்னமாக எழுத இயலாத பொன்விகிதம்; மீளும் கோலத்திலோ அது பின்னமாகவே இருந்தாக வேண்டும். ஆக, கண்ணுக்குத் தெரிவது மீட்சி மட்டுமே. மீளாமைக்கு நிரூபணம் தவிர வேறு சாட்சி இல்லை.

அப்படியானால் பார்ப்பதும் பொருத்துவதும் வெறும் விளையாட்டா? ஒரே ஓடு போதுமா என்ற கேள்விக்கு விடை வந்த விதம் அப்படிச் சொல்லவில்லை. டேவிட் ஸ்மித் இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் ஊர்க்காரர். அச்சுத் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்றவர். 2022 நவம்பரில், வடிவங்களை அடுக்கிப் பார்க்கும் மென்பொருள் ஒன்றின் திரையில், 13 பக்கங்கள் கொண்ட தொப்பி போன்ற வடிவம் அவரைத் தடுத்து நிறுத்தியது. இடத்தை நிரப்பிக்கொண்டே போயிற்று. மீளும் கோலமோ அமையவில்லை. அதையே அட்டையில் வெட்டிக் கையால் பொருத்திப் பார்த்தார். சந்தேகம் வலுக்கவே, கனடாவில் கணினியியல் பேராசிரியரான கிரெய்க் கேப்லனுக்கு எழுதினார். ஜோசப் மையர்ஸும் சைம் குட்மன்-ஸ்ட்ராஸும் சேர்ந்துகொள்ள, 2023 மார்ச்சில் நால்வர் பெயரில் நிரூபணம் வெளிவந்தது. தொப்பிக்கு அதன் கண்ணாடிப் பிம்பமும் தேவைப்பட்டது. இரண்டே மாதத்தில் அதுவும் வேண்டாத ஓடு வந்தது.

ஸ்மித்தின் கை எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் எதை நிரூபிக்க வேண்டும் என்பதை அதுதான் கண்டுபிடித்தது. பொது வழிமுறை இல்லை என்று பெர்கர் சொன்னபின், புதிய வடிவம் ஒவ்வொன்றின் முன்னும் யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்துதான் ஆகவேண்டியிருக்கிறது.