ஆயர் ஒருவர் தாத்தாவான கதை

‘கிறிஸ்துமஸ் தாத்தா’ என்னும் தொடரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முன்சொல் கடல்கடந்து வந்தது. பின்சொல் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருப்பது. திருப்பொழிவு பெற்றவர் என்று பொருள்படும் கிரேக்கக் ‘கிறிஸ்தோஸ்’, பூசையைக் குறிக்கும் இலத்தீன் ‘மிஸ்ஸா’ இரண்டும் பழைய ஆங்கிலத்தில் கைகோத்துக் ‘கிறிஸ்துமஸ்’ ஆயின. ஆனால் பரிசுப் பையைச் சுமந்துவரும் அந்த மனிதரின் இயற்பெயருக்கு இத்தொடரில் ஓரெழுத்தும் இடமில்லை.

அவர் பெயர் நிக்கோலாஸ். இன்றைய துருக்கியின் தென்கரையில் அன்று மைரா என்றும் இன்று தெம்ரே என்றும் வழங்கும் ஊரில், நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர். மணம் முடிக்க வழியற்ற மூன்று பெண்களின் வீட்டில் இரவோடிரவாகப் பொன்முடிப்பை எறிந்துவிட்டுச் சென்றார் என்பது அவரைப் பற்றிய மரபுக்கதை. கிரேக்கத்தில் ‘நீக்கே’ வெற்றி, ‘லாவோஸ்’ மக்கள். மக்களின் வெற்றி என்று விரியும் கம்பீரமான தொகைச்சொல் அது. டச்சுக்காரர் வாயில் அழுத்தம் கடையசையில் விழுந்தபடியால் முன்னசைகள் உதிர்ந்து ‘கிளாஸ்’ மட்டும் எஞ்சியது. அதாவது, வெற்றியின் மிச்சமாக ஒரு ககர மெய் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, மக்கள் முழுதாக நிற்கிறார்கள்! புனிதரைக் குறிக்கும் ‘சிந்த்’ முன்னே சேர ‘சிந்தர்கிளாஸ்’ பிறந்தது. நடுவிலுள்ள ‘அர்’, தலைவரைக் குறிக்கும் ‘ஹேர்’ என்ற மதிப்புச்சொல்லின் தேய்வு என்று கொள்வோர் உண்டு. டச்சுக் குடியேற்றமாயிருந்து பிறகு ஆங்கிலேயர் கைக்கு மாறிய நியூயார்க்கில் அதுவே ‘சாந்தா கிளாஸ்’ ஆயிற்று. 1773ஆம் ஆண்டிலேயே அவ்வூர்ச் செய்தித்தாளில் இப்பெயரின் ஒரு வடிவம் அச்சேறிவிட்டது. இலக்கணம் அறிந்த வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும்: இசுப்பானியத்திலும் இத்தாலியத்திலும் ‘சாந்தா’ பெண்பால் அடை. தாடி வைத்த ஆயருக்குப் பெண்பால் அடையா என்றால், ஆம், ஒலி ஒன்றையே பார்த்துப் பிறந்த அழகிய பால்வழு.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு இப்பெயரின் டச்சு வடிவம் மருமகனோடு வந்தது. ஜூரோங்கிற்கு டச்சுக்காரர் தொடர்பு புதிதன்று. 1960இல் ஐக்கிய நாடுகள் குழுவுக்குத் தலைமைதாங்கி வந்து சிங்கப்பூருக்குத் தொழில்மயத்தின் வழியைச் சொன்ன பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியுஸ் டச்சுக்காரர்தான். அவ்வழியில் 1961 முதல் இங்கே சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியது. எங்கள் மருமகன் கொண்டுவந்தது அவ்வளவு பெரிதன்று. டிசம்பர் 5 இரவு, ஆயரின் திருநாளுக்கு முந்தைய மாலை, குழந்தைகள் தங்கள் காலணிக்குள் அவருடைய வெள்ளைக் குதிரைக்காக ஒரு கேரட்டை வைப்பார்கள். காலையில் கேரட் போயிருக்கும், பரிசு வந்திருக்கும். டச்சு நாட்டில் காலணி கணப்படுப்பின் அருகே இருக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் கணப்படுப்புக்கு எங்கே போவது? ஆனால் இங்கே எல்லார் வீட்டுக் காலணியும் நடைவழியில், இரும்புக் கதவுக்கு வெளியே அடுக்கில்தானே இருக்கிறது. புனிதர் வெளியே நின்றபடியே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அம்மரபில் என் மனத்தைக் கவர்ந்தது எழுத்துப் பரிசு. ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் பெயரின் முதலெழுத்தைச் சாக்லெட்டில் வார்த்துத் தருவார்கள். தமிழெழுத்துக்கு வார்ப்பு கிடைக்கவில்லை. என் மனைவி முறுக்கு உழக்கை எடுத்தாள்; இகரத்தில் பெயர் தொடங்கும் பேத்திக்கு மாவைப் பிழிந்தே ஓர் ‘இ’ சுற்றினாள். சுழிக்கும் எழுத்துகளுக்கு முறுக்கைப்போல் இணங்கும் பண்டம் வேறில்லை.

இனித் ‘தாத்தா’வுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அவர் கிறிஸ்துமஸ் தந்தை, பிரெஞ்சிலும் தந்தையே, செருமானியத்தில் வெறும் ஆள், எங்கள் அடுக்ககத்துச் சீனருக்குக் கிறிஸ்துமஸ் முதியவர். உருசியர் உறைபனித் தாத்தா என்கிறார்கள். தமிழும் அந்தக் கட்சி. பழந்தமிழில் தந்தையைக் குறித்த ‘தாதை’ இச்சொல்லின் பக்கத்து வீட்டார். இன்றும் சிங்களத்தில் ‘தாத்தா’ அப்பாதான், தெலுங்கில் ‘தாத’ நம்மைப்போல் பாட்டனார். தந்தை என்று பெயர்த்திருந்தால் பொருள் பிழையாகாது. ஆனால் தமிழ்க் குடும்பத்தில் அப்பா கொடுப்பதற்குக் காரணம் கேட்பார், தாத்தா கேட்கமாட்டார். பெயர்த்தவர் யாராயினும் உறவை அறிந்து பெயர்த்திருக்கிறார்.

ஈழத்தார் வழக்கில் அவர் ‘நத்தார் தாத்தா’. இந்த ‘நத்தார்’ எனக்கு மிக உவப்பான சொல். பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் ‘நாதாலிஸ்’ போர்த்துகீசியத்தில் ‘நதால்’ ஆகி, 1505இல் இலங்கைக் கரையேறியவர்களின் வழியே வந்து, பல்லொலித் தகரம் இரட்டித்து, ஈற்று லகரம் ரகரமாகி, ‘நத்தார்’ என்று நம்மவர் மரியாதைப் பன்மைபோலவே செவியில் விழுகிறது. அதே போர்த்துகீசியர் 1497 கிறிஸ்துமஸ் காலத்தில் வாஸ்கோ ட காமாவின் தலைமையில் ஆப்பிரிக்கத் தென்கிழக்குக் கரையைக் கடந்தபோது அதற்கும் ‘நதால்’ என்றே பெயரிட்டார்கள். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய நாடு அதுதான். ஆங்கிலேயர் நாவில் அந்தத் தகரம் நுனியண்ணம் ஏற, நம் செவி அதை டகரமாக வாங்கி ‘நேட்டால்’ என்றது. நத்தாரும் நேட்டாலும் ஒரே சொல். ஒன்று போர்த்துகீசியர் வாசல் வழியாகவும் மற்றொன்று ஆங்கிலேயர் வாசல் வழியாகவும் தமிழுக்குள் வந்தன. ஒன்று விழாவானது, மற்றொன்று பிரிவின் பெயரானது. வடமொழியிலிருந்து நாம் பெற்ற ‘ஜாதகம்’, ‘ஜனனம்’ ஆகியவற்றுக்கும் இவற்றுக்கும் மூலவேர் ஒன்றே என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஈழத்தில் ‘நத்தார் பாப்பா’ என்றும் சொல்வார்கள். அந்தப் ‘பாப்பா’ ஐரோப்பியர் தந்தையை அழைக்கும் சொல். தமிழ்நாட்டுச் செவிக்கோ அது கைக்குழந்தை. தெற்குச் செருமனியில் பரிசு கொணர்பவர் உண்மையிலேயே குழந்தை: ‘கிறிஸ்ட்கிண்டல்’, கிறிஸ்துக் குழந்தை. அப்பெயர் அமெரிக்காவில் ‘கிறிஸ் கிரிங்கிள்’ எனத் திரிந்து தாடிக்காரர்மேல் ஏறிக்கொண்டது. அங்கே ஒலி திரிந்து குழந்தை கிழவரானார். இங்கே ஒலி ஒத்துக் கிழவர் குழந்தையாகிறார்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இவற்றுள் எதையும் ஏற்கவில்லை. டச்சையும் தமிழையும் ஒட்டிச் ‘சிந்தர் தாத்தா’ என்று தாங்களே ஒரு பெயர் செய்துகொண்டார்கள். அந்த மாலையில் ‘பேப்பர்நோத்தன்’ என்னும் சிறு மசாலா ரொட்டிகளை வீட்டுக்குள் வாரி இறைப்பதும் டச்சு வழக்கம். பேத்தி அதற்கு வேர் கண்டுபிடித்துவிட்டாள்: சிந்துகிறவர் சிந்தர். வினையடியும் பலர்பால் ஈறும் பிசகாமல் பொருந்துகின்றன. இது ஒலியொப்புமைதான், ‘சிந்த்’ என்றால் புனிதர் என்று நான் அவளுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டாள், பிறகு, புனிதரும் சிந்தலாமே என்றாள்.