பத்துப் பெயர்களும் ஓர் இடைவெளியும்

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம் தன்வரலாற்றைத் தமது வமிசாவளியிலிருந்து தொடங்குகிறார். தம் குடும்பத்துக்குப் பெயர் தந்த மூதாதை கல்தூன் வரை அவர் அறிந்திருந்தவை பத்துப் பெயர்களே. அவற்றை வரிசையாக எழுதியவர், உடனேயே அவ்வரிசையின் மீது ஐயமும் எழுப்புகிறார். முஸ்லிம்கள் ஸ்பெயினை வென்ற தொடக்கக் காலத்திலேயே கல்தூன் அங்கு வந்திருந்தால், அன்றிலிருந்து தம் காலம் வரை சுமார் எழுநூறு ஆண்டுகள். நூற்றாண்டுக்கு மூன்று தலைமுறை எனக் கொண்டால் ஏறக்குறைய இருபது பேர் இருந்திருக்க வேண்டும். ஆகவே பாதிப்பேர் விடுபட்டிருக்கக் கூடும் என்கிறார். 1377இல் எழுதிய ‘முகத்திமா’விலும் இக்கணக்கை வமிசாவளிகளைச் சோதிக்கும் விதியாகவே அவர் தந்துள்ளார்.

அப்பட்டியலில் ஐந்து முஹம்மதுகள் வருகின்றனர். ஒரே பெயர் அடுத்தடுத்து வரும் இடத்தில்தான் ஒரு தலைமுறை எளிதில் நழுவும். விடுபட்ட இடத்தை இட்டு நிரப்ப அவருக்குத் தூண்டுதல் இல்லாமலில்லை. ஹளரமௌத்தைச் சேர்ந்த நபித்தோழர் வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்களின் வழி வந்ததாகக் கூறப்பட்ட குடும்பம் அது. இப்னு ஹஸ்ம் (994–1064) தம் வமிச நூலில் எழுதியதை அவரே அதற்கு எடுத்துக்காட்டுகிறார். ஆயினும் அறியாத பத்துப் பேருக்கு அவர் பெயர் சூட்டவில்லை. அறிந்த பத்துப் பேரை நீக்கவுமில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வமிசாவளியிலும் அறிஞர்கள் இம்முறையையே கைக்கொண்டனர். அத்னான் வரையுள்ள பெயர்களில் அவர்களுக்குள் ஒத்த கருத்து உண்டு. அதற்கு மேல் பெயர்களும் எண்ணிக்கையும் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. அத்னான் இஸ்மாயீல் (அலை) அவர்களின் வழித்தோன்றல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இடைப்பட்ட படிகளில்தான் வேறுபாடு. உறவு உறுதியாக இருந்தும் வழி உறுதியாகாத நிலை இது. இந்நுண்ணிய வேறுபாட்டை இன்று குடும்ப வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம். ஆகவே மீஸான் கல்லிலோ நிகாஹ் தப்தரிலோ காணும் ஒரு பெயர் பாட்டனாருடையதா பேரனுடையதா என்ற குழப்பம் அடிக்கடி எழும். ரங்கூனிலும் பினாங்கிலும் மணமுடித்தோரின் கிளைகளைப் பற்றிச் செவிவழிச் செய்தி தவிர வேறொன்றும் எஞ்சாத வீடுகளும் உண்டு. 1942இல் பர்மாவை விட்டு வந்தவர்களின் கைகளில் காகிதங்கள் எத்தனை இருந்திருக்கும்? அக்கிளைகளைச் சான்றில்லை என்று விட்டுவிட்டால், சொன்ன முதியவருடன் செய்தியும் மறைந்துவிடும். கொடியில் உறுதியாக இணைத்துவிட்டாலோ, அடுத்த தலைமுறை அதையே சான்றாகக் கொள்ளும். அத்தகையோரின் பெயரைத் தனித் தாளில் எழுதுவதே முறை: யார் சொன்னார், எந்த ஆண்டில், அவர் நேரில் அறிந்ததா கேட்டதா, எந்த ஆவணம் கிடைத்தால் ஐயம் தீரும் என்பன உடன் இருக்க வேண்டும். கொடியில் புள்ளிக்கோடு போதும். அறிவிப்பாளர் தொடர் அறுந்த ஹதீஸை ‘முன்கதிஃ’ எனக் குறித்துப் பாதுகாத்த மரபு நமக்குப் புதிதன்று.

இதில் சொத்துரிமையும் அடங்கியிருக்கிறது. இறந்தவரின் இரு மைந்தருள் ஒருவர் மட்டும் மூன்றாம் ஒருவரைத் தம் சகோதரர் என ஒப்புக்கொண்டு, மற்றவர் மறுத்தால் என் செய்வது என்று ஃபிக்ஹு நூல்கள் விரிவாக ஆராய்கின்றன. ஹனஃபி மத்ஹபின்படி நஸப் நிலைபெறாது. எனினும் ஒப்புக்கொண்டவர் தம் பங்கில் பாதியை அவருக்குத் தர வேண்டும். மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் அது மூன்றில் ஒரு பாகம். ஷாஃபிஈ மத்ஹபிலோ, நஸப் நிலைபெறாத நிலையில் வெளிப்படைச் சட்டப்படி பங்கு இல்லை. குடும்ப வரலாறு எழுதுபவர் எவர் சார்பிலும் இவ்வாறு ஒப்புதல் தரத் தகுதியுடையவர் அல்லர். ஆகவே அவர் எழுதும் தாளின் தலைப்பில் ‘உறுதிப்படாதது’ என்ற சொல் தெளிவாக இருப்பது அவசியம்.