வினாவும் விலக்கும்: மசாசூசெற்ஸ் தூய்மைவாதிகளும் ஆன் ஹச்சின்சனும்

சமய வரலாற்றை நோக்குமிடத்து, வினா எழுப்பியதன் வாயிலாகத் தோற்றம் பெற்ற இயக்கங்களே அதிகாரம் கைக்கு வந்ததும் வினாவை அஞ்சத் தொடங்குவதைப் பலவிடத்துங் காணலாம். 1637ஆம், 1638ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் குடியேற்றத்தில் நிகழ்ந்த ஆன் ஹச்சின்சன் வழக்கு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

இங்கிலாந்துத் திருச்சபையின் சடங்குகளுக்கு வேதாகமத்தில் ஆதாரம் எங்கே என்று வினவியவர்களே தூய்மைவாதிகள் எனப்பட்ட பியூரிற்றானியர். பேராயர் லோட்டின் கெடுபிடி அதிகரித்த காலத்தில் அவர்களுள் பெருந்தொகையானோர் கடல் கடந்தனர். 1630இல் ஜோன் வின்த்ரொப்பின் தலைமையில் வந்தோர் பொஸ்ரன் நகரை நிறுவினர். மறுவருடமே, திருச்சபையின் அங்கத்தவராய் இருப்போருக்கே குடியேற்றத்தில் வாக்குரிமை உண்டென விதிக்கப்பட்டது. இவ்விதியால் ஆன்மிகத் தகுதியே அரசியல் தகுதியாயிற்று. போதகரின் போதனையை ஐயுறுவது ஆட்சியின் அத்திவாரத்தையே ஐயுறுவதாகக் கொள்ளப்படும் நிலை இதனாலேயே உருவாயிற்று.

லிங்கன்சயரைச் சேர்ந்த ஆன் ஹச்சின்சன், தாம் பெரிதும் மதித்த போதகர் ஜோன் கொற்றனைப் பின்பற்றி 1634இல் கணவருடனும் பிள்ளைகளுடனும் பொஸ்ரனுக்கு வந்தவர். பிரசவ காலத்தில் அயற்பெண்களுக்கு உதவி வந்த அவர், ஞாயிறு பிரசங்கங்களை ஆராயும் கூட்டங்களைத் தமது இல்லத்தில் நடத்தினார். பெண்களுக்கெனத் தொடங்கிய அக்கூட்டங்களுக்கு நாளடைவில் ஆண்களும் வந்தனர். மனிதன் மீட்கப்படுவது இறைவனின் கிருபையால் மாத்திரமே என்பது தூய்மைவாதிகள் அனைவருக்கும் உடன்பாடான கொள்கை. ஆயின், கொற்றனும் வீல்ரைற்றும் நீங்கலாக ஏனைய போதகர் பலர் நன்னடத்தையை மீட்பின் அடையாளமாகக் காட்டுவதன் மூலம் நடைமுறையில் கிரியையையே போதிக்கின்றனர் என்பது ஹச்சின்சன் தரப்பினரின் குற்றச்சாட்டு. இயக்கத்தின் மூலக் கொள்கையைக் கொண்டே இயக்கத்தின் தலைவர்களை அளந்தமையே இவ்வினாவின் கூர்மை எனலாம்.

ஆட்சியாளரின் அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. குடியேற்றத்தின் பட்டயத்தைப் பறிக்க இங்கிலாந்தில் முயற்சி நடைபெற்றது. பீக்குவொற் சுதேசிகளுடன் 1637இல் போர் நடைபெற்றது. எனினும், அச்சத்துக்குப் பரிகாரமாக அவர்கள் கையாண்ட முறைகளே இங்கு நுணுகி நோக்கற்பாலன. அவ்வாண்டு தேர்தலில், ஹச்சின்சனின் ஆதரவாளரான ஹென்றி வேன் தோற்று வின்த்ரொப் மீண்டும் ஆளுநரானார். புதிதாக வருவோர் அனுமதியின்றி மூன்று வாரத்துக்கு மேல் தங்கலாகாதெனச் சட்டம் பிறந்தது. போதகர் மாநாடு கூடி 82 கருத்துக்களைப் பிழையென அறிவித்தது. வீல்ரைற் இராசத்துரோகக் குற்றவாளியாக்கப்பட்டார். அவருக்காக மனுவில் ஒப்பமிட்டோரும் பிறருமாக 75 பேர் ஆயுதங்களை ஒப்படைக்குமாறு பணிக்கப்பட்டனர். ஒப்பமிட்டது பாவமென அறிக்கையிட்டோருக்கு மாத்திரம் விலக்களிக்கப்பட்டது.

1637 நவெம்பரில் ஹச்சின்சன் நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டார். தாம் மீறிய சட்டம் யாதென அவர் வினவியபோது, தாய் தந்தையரைக் கனம்பண்ண வேண்டுமென்ற கட்டளையையே வின்த்ரொப் காட்டினார். ஆட்சியாளர் குடிமக்களுக்குப் பெற்றோர் ஆவர் என்பது அவரது வாதம். கூட்டம் நடத்தும் உரிமைக்கு ஆதாரமாக ஹச்சின்சன் தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபத்தை எடுத்துக்காட்டினார். போதகர்கள் சத்தியஞ் செய்து சாட்சி கூறவேண்டுமென அவர் வற்புறுத்தியபோது வழக்குத் தளர்ந்தது. ஆயின், இறைவன் தமக்கு நேரடியாக வெளிப்படுத்துகின்றார் என்று பின்னர் அவரே கூறியமை தீர்ப்பை எளிதாக்கிற்று. நாடுகடத்தும் தீர்ப்பைக் கேட்டபின் அதற்கான காரணத்தை அவர் வினவினார். காரணத்தை மன்று அறியும், அதில் திருப்தியும் கொண்டுள்ளது, இனிப் பேசவேண்டாம் என்பதே ஆளுநர் அளித்த விடை.

1638 மார்ச்சில் பொஸ்ரன் திருச்சபை அவரை விசாரித்தது. மாரிகாலம் முழுவதும் காவலில் இருந்த அவரைச் சந்தித்து உரையாடிய போதகர்களே அவ்வுரையாடலைச் சாட்சியமாக்கினர். அவற்றுட் சிலவற்றைத் தாம் கொள்கையாகக் கொள்ளவில்லை, வினாவாகவே கேட்டதாக அவர் விளக்கினார். அதற்குப் போதகர் தோமஸ் ஷெப்பேர்ட், திருச்சபைக்குள் நுழைந்த மிகக் கொடிய பிழைகள் வினாக்களின் வடிவிலேயே நுழைந்தன என்று மறுமொழி கூறினார். ஒருமனதான முடிவு வேண்டப்பட்டமையால், அதற்கு இணங்காத அவருடைய மகனும் மருமகனும் கண்டிக்கப்பட்டனர். அவரை ஒருகாலத்தில் ஆதரித்த கொற்றனே அக்கண்டனத்தை வழங்கினார். இவ்வாறு பெறப்பட்ட ஒருமனத்தின் பேரில் ஹச்சின்சன் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். அவர் வெளியேறியபோது எழுந்து உடன் நடந்தவர் மேரி டையர். குவேக்கராக மாறிய அவர் 1660இல் பொஸ்ரனில் தூக்கிலிடப்பட்டார்.

ஹச்சின்சனை இன்றைய பொருளில் சுதந்திர சிந்தனையாளராகக் காண்பது பொருந்தாது. தமது முடிவுகளில் அவர் கொண்டிருந்த உறுதி, நீதிபதிகளின் உறுதிக்குக் குறைந்ததன்று. ஆகவே, இவ்வழக்கின் முக்கியத்துவம் யாருடைய இறையியல் சரியானது என்பதிலன்று. வினாவையே குற்றமாக்கிய ஓர் அமைப்பு எவ்வாறு இயங்கியது என்பதிலேயே தங்கியுள்ளது. வாக்குரிமையும் ஆயுதமும் வசிக்கும் உரிமையும் ஒரே நம்பிக்கையுடன் பிணைக்கப்பட்ட இடத்தில், ஐயத்தை மறைப்பது பிழைத்திருக்கும் வழியாயிற்று.

விலக்கப்பட்டோர் அருகிலிருந்த அக்குயிட்நெக் தீவிற் குடியேறினர். கொள்கை காரணமாக எவரும் குற்றவாளியாகக் கருதப்படலாகாதென 1641இல் அங்கே விதிக்கப்பட்டது. 1663இன் றோட் ஐலண்ட் பட்டயம் மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்தது. ஹச்சின்சன் 1643இல் டச்சுப் பிரதேசத்தில் சுதேசிகளின் தாக்குதலில் உயிரிழந்தபோது, பொஸ்ரனிற் பலர் அதனைத் தெய்வ தண்டனையாகவே கொண்டனர். அவர்மீதான தீர்ப்பை மசாசூசெற்ஸ் ஆளுநர் ஒருவர் மன்னிப்பளித்து நீக்கியது 1987ஆம் ஆண்டிலாகும். காரணம் யாதென 1637இல் அவர் கேட்ட வினாவுக்கு மறுமொழி கிடைக்க 350 ஆண்டுகள் சென்றன.